வண்டி முதலில் சிதம்பரம் வரட்டும்

2024 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி தன் தம்பிக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியையும் அதற்கு வந்த பதிலையும் அன்றைக்கே நாட்குறிப்பில் எழுத்து மாறாமல் படியெடுத்து வைத்தேன்.

“வண்டி வாங்கிட்டோம்டா. பொங்கல் முடிஞ்சதும் கெளம்புறோம். ரெண்டு மாசம் அம்மாவ நீ வச்சிக்கணும்.”

“வண்டி மொதல்ல சிதம்பரம் வரட்டும்க்கா. எங்கயும் நிக்காம வரணும். அப்பறம் பேசலாம்.”

காலையில் அனுப்பியதற்கு மாலையில்தான் பதில் வந்தது. அதுவரை அவள் கைபேசியைச் சமையலறைக்கும் வாசலுக்குமாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். பதிலைப் படித்துவிட்டு, “இது சரின்னு சொல்றதா, இல்லன்னு சொல்றதா?” என்று என்னிடம் நீட்டினாள். எனக்கும் தெரியவில்லை.

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். பேச்சில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் இரண்டு வேளை சர்க்கரை ஊசி போட வேண்டும், கண்ணுக்கு மருந்து விட வேண்டும். அவரைத் தனியே விட்டுவிட்டு எங்கேயும் போக முடியாது. மைத்துனர் சிதம்பரத்தில் இரு சக்கர வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறார். பழைய வண்டிகளை நம்பக் கூடாது என்பது அவருடைய தொழில் அனுபவம். அவர் அம்மாவை ஏற்றுக்கொண்டால் பயணம் உண்டு, இல்லையென்றால் இல்லை.

பயணத்தை விரும்பியது என் மனைவிதான். அவள் அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து அந்த வருடம் மே மாதம் ஓய்வு பெற்றாள். வேலையில் இருந்த காலமெல்லாம் கபடிக் குழுவையும் கோ-கோ குழுவையும் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவள். போன ஊர்களிலெல்லாம் மைதானத்தையும், பிள்ளைகளோடு படுத்த வகுப்பறையையும் தவிர எதையும் பார்த்ததில்லை. ஒரு தடவை கன்னியாகுமரியில் போட்டி முடிந்து சூரியன் மறைவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறாள், மேகம் மூடிவிட்டது. கடலூர்க்காரிக்குச் சூரியன் கடலிலிருந்து எழுவது தினமும் நடக்கிற காரியம். அது கடலுக்குள் இறங்குவதைப் பார்க்க வேண்டும், அதையும் நாட்டின் மேற்குக் கோடியில், குஜராத்தில் போய்ப் பார்க்க வேண்டும், தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்று ஆசை. எனக்கு ஒரு கண்ணில் பார்வை குறைவு. ஓட்டுநர் உரிமம் கிடையாது. எனவே ஓட்டுவது அவள் பொறுப்பு. வழி பார்ப்பதும் எழுதி வைப்பதும் என்னுடையது.

வண்டியை நெல்லிக்குப்பத்தில் வாங்கினோம். ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பழைய சுற்றுலா வேன் ஒன்றை எடுத்து, பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, எதிரெதிரே இரண்டு படுக்கை, ஒரு சின்ன அடுப்பு மேடை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, படுக்கைக்கு அடியில் பெரிய தண்ணீர் டேங்க் என்று எல்லாம் வைத்துத் தானே கட்டியது. கேம்பர் வேன் என்கிறார்கள் இப்போது. பதிவுச் சான்றின்படி அது சாலைக்கு வந்தது 2006-ல். இவ்வளவும் கட்டிவிட்டு ஒரே ஒரு முறைதான் மனைவியை ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணி போய் வந்திருக்கிறார்.

“அதுக்கப்பறம் ஏன் சார் எங்கயும் போவல?” என்று கேட்டாள் என் மனைவி.

வீட்டுக்குள்ளிருந்து அவருடைய மனைவிதான் பதில் சொன்னார். “வூட்ல ஒரு அடுப்படில நிக்கிறது பத்தலன்னு ரோட்லயும் ஒரு அடுப்படி கட்டிக் குடுக்குறாரு எனக்கு. நீங்க எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, புண்ணியமாப் போவும்.”

திரும்பி வரும்போது காலி டிரெய்லரை இழுத்துக்கொண்டு போன ஒரு டிராக்டருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். முந்துவதற்கு இடம் இருந்தும் அவள் முந்தவில்லை. சிரித்துக்கொண்டே ஓட்டினாள். “ஒசரமா இருக்குதுங்க. எல்லார் தலையும் தெரியுது” என்றாள். அதுவரை அவள் ஓட்டியதெல்லாம் எங்கள் சின்ன கார்தான்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய மறுநாள் காலை, சமையலறையில் அடுப்பு இருக்க, அவள் வண்டிக்குள் ஏறிக் காப்பி போட்டாள். வாசனை தெருவுக்குப் போனது. எதிர்வீட்டுக்காரர் பேப்பரோடு வந்து எட்டிப் பார்த்தார். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மாமியார் தன் டம்ளரோடு வாசலுக்கு வந்து நின்று, “பத்தடியில அடுப்பு இருக்குது. தெருவுல நின்னு காப்பி போடுறா பாருங்க எம் பொண்ணு, ரிட்டையர் ஆனவ” என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வண்டிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து காலைக் காப்பி வண்டியில்தான். மாமியார் அதற்கு வைத்த பெயர் ‘ஓடுற வூடு’.

பிறகு பழுது பார்க்கும் வேலைகள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மெக்கானிக் எஞ்சினைப் பார்த்து, “கெழவிக்கு நெஞ்சு நல்லா இருக்குது, கைகால்தான் போச்சு” என்றார். கிளட்ச், பிரேக், ரேடியேட்டர் ஹோஸ், நாலு டயர். என் மனைவி ஒவ்வொரு நாளும் அங்கே போய் நின்று, கழற்றிய ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். கிரீஸ் படிந்த விரல்களோடு சாப்பிட உட்கார்ந்து, “கிளட்ச் பிளேட்டு எவ்ளோ தேஞ்சிருந்திச்சி தெரியுமா?” என்று ஆரம்பிப்பாள். மாமியார், “மொதல்ல கையக் கழுவுடி” என்பார். போட்டிக்கு முந்தின வாரம் அவள் இப்படித்தான் இருப்பாள். ஓய்வு பெற்ற பிறகு நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

அக்டோபரில் முதல் மழை பெய்தபோது கூரை ஒழுகியது. ஜன்னல் ஓரங்களிலும் கசிந்தது. அதற்கு ஆள் தேடியபோது மெக்கானிக், தேவனாம்பட்டினத்தில் பைபர் போட் கட்டுகிறவர் ஒருவரைச் சொன்னார். கடலூரில் தண்ணீரை வெளியே நிறுத்தத் தெரிந்தவர்கள் படகு கட்டுகிறவர்கள்தான் என்பதால் எங்களுக்கும் அது சரியாகவே பட்டது. வந்தார். நாற்பது வயதிருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, விரலால் அங்கங்கே தட்டினார்.

“இத்த நான் போட்டுன்னே நெனச்சிக்கிறேன் சார். நீங்களும் அப்டியே நெனச்சிக்குங்க. வெளித் தண்ணி ஒரு சொட்டு உள்ள வராது.”

“குஜராத் வரைக்கும் போவணுங்க” என்றாள் என் மனைவி.

“கடல் வழியா போனாலும் போவும் மேடம்.”

அவர் கூரையை மட்டும் அடைக்கவில்லை. தரை விரிப்பைப் பிரித்துப் பார்த்து, துருப்பிடித்த இடங்களைச் சுரண்டி, பைபர் மேட் விரித்து ரெசின் பசை பூசித் தரை முழுக்க ஒரே வார்ப்பாக ஆக்கிவிட்டார். கதவு ஓரத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு ஓட்டை இருந்தது. அதையும் அடைத்தார். நாங்கள் மூன்று பேரும் காப்பியோடு நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த ஓட்டை எதற்காக அங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. அதிலும் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பதுதான் எல்லார் மனதிலும் ஓடியது. மாமியார்கூட, “அங்க இன்னும் கொஞ்சம் பூசுப்பா” என்றார்.

நவம்பர் கடைசியில் புயல் வந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புயல் சாமான் என்று ஒரு கணக்கு உண்டு. வானிலை அறிக்கையில் தாழ்வு மண்டலம் என்று சொன்னதுமே அரிசி மூட்டை, பருப்பு, பால் கவருக்குள் சுற்றிய தீப்பெட்டி, மெழுகுவத்தி, கயிறு, தார்ப்பாய், பிஸ்கட், மாத்திரைகள் எல்லாம் தானாக ஒரே இடத்தில் சேர்ந்துவிடும். இந்த முறை அவை சேர்ந்த இடம் வண்டி. வீட்டுத் தரையைவிட வண்டித் தரை உயரம். மாமியாரையும் அதிலேயே ஏற்றினோம். தண்ணீர் வண்டியின் கால்படியைத் தாண்டி, கதவின் அடிப்பகுதியைத் தொட்டுக்கொண்டு நின்றது. நான் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தேன். உள்ளே தரை காய்ந்து கிடந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். வண்டிக்குள் மாமியார் போர்வை போர்த்திக்கொண்டு பிஸ்கட்டைக் காப்பியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர் வடிந்ததும் படகுக்காரர் தானாகவே வந்தார். உள்ளே ஏறித் தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

“சொன்னேன்ல?”

“இனிமே எந்தப் புயல் வந்தாலும் எனக்குப் படுக்கை இங்கதான்” என்றார் மாமியார்.

என் மனைவி வண்டியைப் புகைப்படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். ‘வெள்ளத்துலயும் சொட்டுத் தண்ணி உள்ள வரல’ என்று எழுதியிருந்தாள். அவர் கட்டைவிரல் படம் ஒன்றை மட்டும் அனுப்பினார். அதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குள் இரண்டு நாள் விவாதம் நடந்தது.

பொங்கல் முடிந்தது. 2025 ஜனவரி 19, ஞாயிறு, சிதம்பரம் போவது என்று முடிவானது. நெடும் பயணத்துக்கு எப்படி ஏற்றுவோமோ அப்படியே முழுதாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அப்போதுதான் அது பரீட்சை என்றாள் அவள். புயல் சாமான் ஏற்கெனவே உள்ளே இருந்தது. இறக்கவே இல்லை. அதற்கு மேல் பயணச் சாமான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. நாங்கள் வெளியூருக்குச் சாமான் கட்டுகிற முறையே, கரண்டும் பாலும் பத்து நாளைக்கு வராது என்று கட்டுகிற முறைதான். மாமியார் படுக்கும் பக்கத்துக்குக் கீழே, தண்ணீர் டேங்கின் முன்னால் அரிசி மூட்டை. அதன்மேல் தார்ப்பாய். டேங்கை விளிம்புவரை நிரப்பினோம்.

மாமியாரின் துணிப்பையும் மருந்துப்பெட்டியும் கடைசியாக ஏறின. மைத்துனர் சரியென்று சொன்னால் அவர் அங்கேயே தங்கிவிடலாம்.

“வேணாம்னு சொல்லிட்டான்னா?” என்றார் மாமியார்.

“வண்டி போய்ச் சேந்துட்டா அவன் ஏன் சொல்லப் போறான்?” என்றாள் மகள்.

“ஒன் தம்பி. எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலயே, வாங்கிக் குடுத்த பொம்மைய மொதல்ல பிரிச்சிப் பாத்துட்டுதான் வெளயாடுவான்.”

தெருவிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க என் மனைவி தன் பழைய விசிலை என் கழுத்தில் மாட்டிவிட்டாள். இரண்டு ஊதல் என்றால் வரலாம், ஒரு நீள ஊதல் என்றால் நிற்க வேண்டும். நான் பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டு முறை ஊதினேன். எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு போய்விட்டார். மாமியார் ஜன்னலிலிருந்து தெருவுக்கே கை காட்டினார்.

எட்டு மணிக்குமுன் சிப்காட்டைத் தாண்டிவிட்டோம். வெயில் இதமாக இருந்தது. புதுச் சாலை வழவழவென்று கிடந்தது. வண்டி முனகாமல் ஓடியது. என் மனைவி பாட்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினாள். நான் மடியில் நாட்குறிப்பை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆலப்பாக்கத்துக்கு முன்னால் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. பின்னால் ஏதோ ‘டப்’ என்றது.

“என்னா சத்தம்?” என்றாள்.

“அரிசி மூட்ட சரிஞ்சிருக்கும்” என்றேன்.

கொஞ்ச தூரம் போனதும் மாமியார் நிதானமாகக் கேட்டார். “மாப்ள, வீராணம் ஏரிய நேரா பாக்கணும்னு நெனச்சேன். அதையும் உள்ளயே வச்சிட்டீங்களா?”

திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு காலையும் படுக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தரை முழுவதும் தண்ணீர். டேங்கிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய் கழன்றிருந்தது. டேங்கின் வால்வு அரிசி மூட்டைக்குப் பின்னால், மூட்டை தார்ப்பாய்க்கு அடியில், தார்ப்பாய் மாமியாரின் துணிப்பைக்குக் கீழே. ஓடுகிற வண்டியில் அதையெல்லாம் நகர்த்திக் கை நுழைப்பது என்னால் முடியாது.

“ஓரங்கட்டு” என்றேன்.

“நிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான்.”

“தண்ணி போவுது.”

“எங்க போவுது? உள்ளதான இருக்குது.”

அது உண்மைதான். அவ்வளவு தண்ணீரும் உள்ளேயேதான் இருந்தது. படகுக்காரர் பூசிய தரையிலிருந்து ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. அவள் பிரேக் போட்டால் தண்ணீர் முன்னால் ஓடி வந்து எங்கள் கணுக்காலை நனைத்தது. வேகம் எடுத்தால் பின்கதவுக்குப் போய் மோதித் திரும்பியது. வளைவில் எல்லாமாக ஒரு பக்கம் சாய, வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு நிமிர்ந்தது. அவள் வேகத்தைக் குறைத்து, செருப்பைக் கழற்றிப் பின்னால் தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அது மிதந்து வந்து என் காலைத் தொட்டது.

“டோல்கேட்ல நிக்கிறது கணக்குல சேருமா?” என்று கேட்டாள். பயந்த குரல் இல்லை அது. ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மைதான ஓரத்தில் நின்று கத்துகிற குரல்.

“அவன் சொன்னது கெட்டுப்போயி நிக்கிறதடி” என்றார் மாமியார். “நீ ஓட்டு. நான் நல்லாதான் இருக்கேன். கால்தான் மரத்துப் போவுது.”

நான் பின்னால் போய் ஒரு சொம்பை எடுத்து, முட்டி போட்டு, தண்ணீரை மொண்டு ஜன்னல் வழியாக ஊற்ற ஆரம்பித்தேன். நாலாவது சொம்புக்குப் பக்கத்தில் பைக்கில் வந்தவர் நனைந்துவிட்டார். வண்டியை ஒட்டி வந்து ஜன்னலுக்குள் பார்த்தார்.

“யோவ், வண்டிக்குள்ளயே குளிக்கிறியா?”

“மன்னிச்சிக்கங்க தம்பி, உள்ள தண்ணி வந்துடிச்சி.”

“உள்ளயா? மழையே இல்லையே” என்று வானத்தைப் பார்த்தார். பிறகு சம்மணம் போட்டிருந்த மாமியாரைப் பார்த்தார். மாமியார் கும்பிட்டார். பைக்கில் வந்தவர் மேலே எதுவும் கேட்காமல் வேகம் எடுத்துப் போய்விட்டார்.

டோல்கேட்டில் பிரேக் போட்டபோது வந்த அலையில் என் நாட்குறிப்பு முன் இருக்கைக்குக் கீழே விழுந்து நனைந்தது. அன்றைய பக்கத்தில் இப்போது படிக்க முடிவது ‘ஆலப்பாக்கம்’ மட்டுமே. மற்றதெல்லாம் நினைவிலிருந்து எழுதுவது. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது தண்ணீரெல்லாம் பின்னால் போனது. இறங்கும்போது எல்லாம் முன்னால் வந்தது. ஆற்றில் இருந்ததைவிட எங்களிடம் ஜாஸ்தி இருக்கும் என்றார் மாமியார். என் மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஒரே சீராக ஓட்டினாள். கோபுரம் தெரிந்ததும், “வந்துட்டோம், வந்துட்டோம்” என்று மெதுவாகச் சொன்னாள்.

மைத்துனரின் வீடு மேல வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில். கீழே கடை, பின்பக்கம் வீடு. ஞாயிறு என்பதால் கடை பாதி திறந்திருந்தது. அவர் வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். வண்டி நின்றதும் அம்மாவை இறக்குவதற்காக நேராக வந்து பக்கக் கதவை இழுத்தார்.

தண்ணீர் ஒரே அடியாக வெளியே விழுந்தது. அவர் வேட்டி முழங்கால்வரை நனைந்தது. கூடவே ஒரு செருப்பும், மெழுகுவத்திக் கட்டும், பிஸ்கட் பாக்கெட் ஒன்றும் சந்துக்குள் மிதந்து போயின. அவர் அசையாமல் நின்று அவை போவதைப் பார்த்தார்.

“மாமா” என்றார் என்னைப் பார்த்து. “வண்டி கொண்டாந்தீங்களா, தண்ணி லாரி கொண்டாந்தீங்களா?”

“எங்கயும் நிக்கல” என்றாள் என் மனைவி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே. “நீ சொன்ன மாரியே. டோல்கேட்டத் தவிர.”

“இதுலயாக்கா குஜராத்து?”

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. அவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டு வந்தவள் கீழே இறங்கி, வெறுங்காலோடு நின்று, நனைந்த அரிசி மூட்டையை இழுக்க ஆரம்பித்தாள். நான்தான் பேச வேண்டியிருந்தது.

“எஞ்சின்ல ஒரு கொறையும் இல்ல மச்சான். ஒரு குழாய் கழண்டுடிச்சி. தண்ணி வெளிய போவ வழியில்ல, அவ்ளோதான்.”

“வழியில்லன்னா? வண்டின்னா அடியில ஓட்ட இருக்குமே.”

“அடச்சிட்டாங்க.”

“யாரு?”

படகுக்காரருக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முதலில் சந்தோஷம்தான். “பாத்தீங்களா சார், ஒரு சொட்டு வெளிய போவல பாருங்க. அந்த ஒட்டு அப்டி.”

“அதான் பிரச்சனையே” என்று மைத்துனர் குறுக்கே புகுந்தார். “அடியில ஒரு ஓட்ட போடணும். ஒங்க பைபர் ஒடையாம எங்க போடலாம், சொல்லுங்க.”

படகுக்காரரின் குரல் இறங்கியது.

“அடிப்பலகையில ஓட்டையா? என் வாயால சொல்ல மாட்டேங்க.”

“இது போட் இல்லங்க, வண்டி.”

“நான் போட்டுன்னு நெனச்சிதான் செஞ்சேன். சார்ட்ட கேளுங்க.”

“மழ வந்தா கீழேர்ந்து தண்ணி ஏறும்னு பயமா? அதுக்கு ரப்பர் மூடி போட்டுக்கலாங்க. வேணும்னா தொறக்கலாம், வேணாம்னா மூடிக்கலாம்.”

“மூடி கழண்டுட்டா?”

“ஏன் கழலுது? நான் பதினெட்டு வருஷமா ரப்பர்தான் விக்கிறேன். எது கழலும் எது கழலாதுன்னு எனக்குத் தெரியாதா?”

இப்படியே கால் மணி நேரம் போனது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. மைத்துனர் நனைந்த வேட்டியோடு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, இந்தப் பட்டைக்கு எவ்வளவு தள்ளி, அந்தக் கம்பிக்கு எவ்வளவு உள்ளே என்று கேட்டார். படகுக்காரர் சொல்ல மாட்டேன் சொல்ல மாட்டேன் என்றே ஒவ்வொன்றாகச் சொன்னார். கடையிலிருந்து டிரில் வந்தது. மாடல் மாடலாக ரப்பர் மூடிகள் வந்தன. சந்தில் இருந்த இரண்டு பேர் யோசனை சொல்ல வந்து நின்றார்கள். என் மனைவி அரிசியைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போடுறன்டா” என்றாள் ஒரு கட்டத்தில்.

“நீ ஓட்டு, போதும். ஓட்ட போடுறது நானு.”

அவள் என்னைப் பார்த்தாள். தம்பி சொன்னதை நானும் கேட்டேனா என்று உறுதி செய்துகொள்கிற பார்வை.

இரண்டு ஓட்டைகள், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. மிச்சத் தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவதை மைத்துனர் உள்ளே குனிந்து நின்று கடைசிவரை பார்த்தார். பிறகு மூடிகளை மாட்டி, கழற்றி, மாட்டி, என் மனைவியைக் கழற்றச் சொல்லி, என்னைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். தண்ணீர் டேங்கைப் பாதிக்குமேல் நிரப்பக் கூடாது என்றார். அரிசியில் முக்கால்வாசியை இறக்கிவிடச் சொன்னார்.

“வழியில அரிசி கெடைக்காதாக்கா? புயலுக்கா போற?”

“கெடைக்கலன்னா?”

“கெடைக்கலன்னா சப்பாத்தி தின்னு.”

 அம்மாவை வைத்துக்கொள்வதாக அப்போதும் அவர் சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். உள்ளே போனபோது கூடத்தை ஒட்டிய அறையில், ஜன்னலோரத்தில், ஒரு கட்டில் போட்டு வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. தலைமாட்டில் சின்ன மேசை. அதன்மேல் மருந்து வைக்க ஒரு தட்டு. ஊசி மருந்துக்காக ஃபிரிட்ஜின் கதவுத் தட்டு ஒன்றைக் காலி செய்து வைத்திருந்தார் மைத்துனரின் மனைவி. மாமியார் யாரையும் கேட்காமல் கட்டிலில் போய் உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டினார்.

“தரை காஞ்சிருக்குது” என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு அன்று கடலூரிலிருந்து புறப்பட்டோம். குஜராத்தின் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மேகம் இல்லை. சூரியன் இறங்கி முடியும்வரை என் மனைவி வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அதைப்பற்றி வேறொரு சமயம் எழுதினாலும் எழுதுவேன். இங்கே பதிவு செய்ய எனக்கு மீதி இருப்பது ஒரே ஒரு தகவல், அந்தக் கட்டில் அந்த வீட்டுக்கு வந்த தேதி.

மைத்துனர் சொல்வது: பழைய கட்டில், மாடியில் கிடந்தது, அன்று காலை இறக்கிப் போட்டது. அவருடைய மனைவி சொல்வது: புதுக் கட்டில், புயலுக்கு முந்தின வாரமே வாங்கியது, மழையில் டெம்போவில் தார்ப்பாய் மூடிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மாமியார் சொல்வது: முதல் இரண்டு இரவும் வார்னிஷ் வாசனையில் தூக்கம் வரவில்லை. இரண்டாவது சரியென்றால், வண்டி சிதம்பரம் வரட்டும் என்று மைத்துனர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் ஏறக்குறைய பாதி நாள் கட்டில் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. நேரில் கேட்டேன். “அதெல்லாம் எதுக்கு மாமா எழுதுறீங்க?” என்று சிரித்துவிட்டு, கடைக்கு வந்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். கட்டில் வாங்கியதாகச் சொன்ன மரக்கடைக்காரருக்கு நினைவில்லை.

கட்டில் வந்த தேதி இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.